வெல்டர் பிடித்த சனி

சனி பிடித்து அலைகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சனியைத் தானே தேடிப் போய்ப் பிடித்து, கைப்பேசியில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவர் அந்த லாரிப் பட்டறையில் வெல்டர் ஒருவர்தான்.

படம் நல்ல படம். கறுப்பு வானத்தில் வெண்ணெய் நிறத்தில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி வளையம், வளையத்துக்குள்ளே மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு விழவேண்டும் என்பதற்காக இரண்டு வருஷம் கொல்லைப்புறத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து கொசுவுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார் மனிதர். கோடு விழுந்த மறுநாள் வேலைக்கு வந்தவர் டீ வரும்வரை வாயைத் திறக்கவில்லை. டீ வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "சும்மா பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினார்.

பெயின்டர் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக் கொல்லையில இருந்தா எடுத்தீங்க? எங்க கொல்லையில இருந்து பார்த்தா பக்கத்து வீட்டுக் கக்கூஸ்தான் தெரியுது" என்றார். முதலாளி நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "அடேங்கப்பா, மோதிரம் மாதிரி இருக்கே" என்றார். வெல்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடைசியாகக் கைப்பேசி எலக்ட்ரீஷியன் கைக்குப் போனது.

எலக்ட்ரீஷியன் வேறு யாருமில்லை, வெல்டரின் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். லாரிகளுக்கு ஒயர் இழுப்பது போக, பட்டறையில் எல்லோருடைய கைப்பேசியையும் பிரித்து மாட்டுகிறவரும் அவர்தான். ஆகையால் கரண்ட் ஓடுகிற எந்தப் பொருளைப் பற்றியும் அவர் சொல்வதுதான் அங்கே தீர்ப்பு. அவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், கைப்பேசியைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"நெட்ல இருந்து இறக்குனது."

"நான் எடுத்தது, மச்சான்."

"எடுத்ததை யாரு இல்லேன்னா? எங்கேருந்து எடுத்தேங்கிறதுதான் கேள்வி, மாப்ள."

எல்லோரும் சிரித்தார்கள். வெல்டரும் சிரித்து வைத்தார். அது அன்றோடு போயிருந்தால் போயிருக்கும், போகவில்லை. சாயங்காலத்துக்குள் அவருக்கு 'டவுன்லோடு' என்று பெயர் விழுந்துவிட்டது. கதவுக் கீல் பற்றவைத்தால், "இது சொந்தமா, டவுன்லோடா?" சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால், "வீட்டம்மா சமைச்சதா, நெட்ல இறக்குனதா?" இதெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். இரும்போடு வேலை செய்கிறவனுக்குத் தோல் தடிப்பாகத்தான் இருக்கும்.

பொறுக்க முடியாமல் போனது வேறு ஒன்று. அடிச்சட்டத்தில் விரிசல் விட்டு ஒரு டிப்பர் லாரி வந்திருந்தது. அடியில் படுத்துப் பற்றவைத்து முடித்து, வெளியே வந்து, "ஆச்சு முதலாளி" என்றார். வழக்கமாக அந்த இரண்டு வார்த்தை போதும். வெல்டர் ஆச்சு என்றால் முதலாளி சாவியை டிரைவர் பக்கம் எறிந்துவிடுவார். அன்றைக்கு முதலாளி டார்ச்சை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து லாரிக்கு அடியில் போனார். தட்டிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். வெளியே வந்து, "இல்ல, சும்மா ஒரு பார்வை" என்றார்.

அந்தச் சும்மா வெல்டருக்கு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

"ஊரு உலகத்துல சனி விட்டாப் போதும்னு ஓடுறாங்க. நீங்க மோட்டார் வச்சுத் துரத்துறீங்க" என்றாள் மனைவி. "பின்னே சும்மா விடுமா?"

"உங்க அண்ணன் பண்ணுன வேலை இது."

"இப்ப எங்க அண்ணன். நேத்து வரைக்கும் மச்சான் மச்சான்னு தோள்ல கை போட்டுக்கிட்டு திரிஞ்சது யாரு?" அவள் அவருடைய தட்டில் குழம்பை ஊற்றினாள். "அவரு கண்ணால பார்க்காம எதையும் நம்ப மாட்டாரு. நான் பாஸானதையே ஸ்கூலுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துதான் நம்பினாரு. கூப்பிட்டுக் காட்டுங்க."

அப்படித்தான் சனிக்கிழமை சாயங்காலம் சனியைப் பார்க்க மச்சான் வந்து சேர்ந்தார். கையில் சொந்த லேப்டாப், அதற்குள் அவரே ஏற்றிக்கொண்டு வந்த சாஃப்ட்வேர். உன் பெட்டியை நான் நம்பமாட்டேன், என் பெட்டியில் விழட்டும் என்பது ஏற்பாடு.

கொல்லை என்றால் பெரிய கொல்லை இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கிற கல், நடுவில் தொலைநோக்கி. லாரி ஆக்ஸில் குழாயை வெட்டி வெல்டரே செய்த தாங்கி; யானை வந்து முட்டினாலும் அசையாது. அதன் மேல் வாளி அகலத்துக்கு ஒரு குழாய், குழாயின் அடியில் கண்ணாடி. பக்கவாட்டில், கண்ணை வைக்கிற துளையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமரா. அதிலிருந்து ஒயர் லேப்டாப்புக்கு. படத்தைத் தெளிய வைக்க ஒரு திருகு; குழாயைத் திருப்ப ஒரு மோட்டார், அதை ஓட்டப் பொத்தான்கள். குழாயின் சூடு தணிய வேண்டும் என்று வெயில் சாய்ந்ததுமே அதை வெளியில் கொண்டுவந்து வைத்துவிட்டார். சமையலறை ஜன்னல் சனி இருக்கிற பக்கமாகத் திறந்திருந்ததால் அடுப்பு பற்றவைக்கவும் தடை.

"அண்ணே, இன்னைக்கு உங்களுக்குச் சோறு கிடையாது" என்றாள் தங்கை. "அடுப்புச் சூடு மேல போய் சனி மேல பட்டுருமாம்."

"அது அங்க எவ்வளவு தூரத்துல இருக்கு, பாப்பா."

"அதையேதான் நானும் கேட்டேன். அடுப்பைப் பத்த வச்சா மேலே காத்து நெளியுமாம், சனியும் சேர்ந்து நெளியுமாம். மூணு பிஸ்கட் இருக்கு, தின்னுங்க."

வெல்டர் குழாயைத் திருப்பினார். இருட்ட ஆரம்பித்திருந்த வானத்தில், தெருக்கோடி மொபைல் டவருக்குச் சற்று மேலே, மினுக்காமல் நின்ற வெளிச்சப் புள்ளியில் நிறுத்தினார். லேப்டாப் திரையில் சனி வந்தது. மச்சான் குனிந்து பார்த்தார். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசு மாதிரி அது ஆடியது, வழிந்தது, உப்பியது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"என்ன மாப்ள இது? எண்ணெயில விட்ட முட்டை மாதிரி துள்ளுது. அன்னைக்கு நீ காட்டுன படம் எங்கே, இது எங்கே?"

"காத்து, மச்சான். நம்ம பட்டறையில காய்ஞ்ச இரும்புக்கு மேல பார்த்தா எதிர்ச்சுவரு நெளியுமில்ல? அதே கதைதான். வானம் முழுக்க இந்த நெளிசல் இருக்கு. அதனால ஒரு படம் எடுத்தா வேலைக்கு ஆகாது. வீடியோவா எடுக்கணும். ஆயிரக்கணக்குல விழும். அதுல காத்து ஒரு நொடி அடங்குனப்ப விழுந்ததை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கும். பொறுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும். குடும்பத்தோட நின்னு போட்டோ எடுக்கறப்ப நிறைய எடுத்து, எவனும் கண்ணை மூடாததாப் பார்த்து வச்சுக்கிறமே, அந்த மாதிரி."

"ஆக, நீ எடுக்கல. கம்ப்யூட்டர் எடுக்குது."

"பொறுக்குது."

"பொறுக்குறேன்னு எங்கேருந்து பொறுக்குதோ, யாரு கண்டா." மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டார். "நீ தள்ளு. நானே எடுக்கிறேன். நீ தொடக் கூடாது, சொல்லியும் தரக் கூடாது. சொல்லித் தந்தா அது உன் வேலையாயிரும்."

வெல்டர் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு துவைகல்லின் மேல் உட்கார்ந்தார். மச்சான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த வேகத்தில் முழங்கால் குழாயின் அடியில் மோதியது. யானை முட்டினாலும் அசையாத தாங்கிதான். ஆனால் அதன் மேல் இருக்கிற குழாய் திரும்புவதற்காகச் செய்தது, திரும்பிவிட்டது. திரையில் சனியைக் காணோம்.

தேட ஆரம்பித்தார். வலது பொத்தானை அமுக்கினால் வானம் இடது பக்கம் ஓடியது. மேலே போ என்றால் கீழே வந்தது. "என்னடா இது, எனக்கு வாய்ச்ச முதலாளி மாதிரி எதைச் சொன்னாலும் எதிர்த்துப் போகுது" என்று முனகினார். குழாயோடு சேர்ந்து அவரும் சாய்ந்தார், நிமிர்ந்தார், ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார். கண்ணாடி உள்ள குழாயில் எல்லாம் தலைகீழ் என்று சொல்ல வெல்டரின் வாய் துடித்தது. கக்கத்தில் கையை இன்னும் அழுத்திக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்துத் திரையில் சிவப்பாக ஒன்று வந்து நின்றது. விட்டு விட்டு மினுக்கியது.

"சனி போனாப் போகட்டும்" என்றார் மச்சான். "செவ்வாய் மாட்டிருச்சு."

வெல்டருக்கும் மனைவிக்கும் ஒரே நேரத்தில் கண் தெருக்கோடிக்குப் போனது. அங்கே டவர் உச்சியில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. மனைவி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னண்ணே, அணைஞ்சு அணைஞ்சு எரியுது?"

"காத்து, பாப்பா. இவன் இப்பத்தானே சொன்னான், காத்து நெளியுதுன்னு. ஒரு அலை வந்து மறைக்குது, ஒரு அலை விலகுது." தலையைத் திருப்பாமலே, "சரிதானே மாப்ள?" என்றார்.

"நீங்கதான் என்னைப் பேசக் கூடாதுன்னுட்டீங்க" என்றார் வெல்டர்.

மச்சான் திருகைத் திருகித் திருகி, சிவப்பு எவ்வளவு சிறிதாகுமோ அவ்வளவு சிறிதாக்கினார். வேலை என்று வந்துவிட்டால் அவர் கை சுத்தம். அதை வெல்டரும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீடியோ ஓடியது. பிறகு சாஃப்ட்வேர் பொறுக்கத் தொடங்கியது. மங்கலானதைக் கழித்தது, விளக்கு அணைந்திருந்ததையெல்லாம் கழித்தது, மிச்சத்தை அடுக்கியது. மச்சான் மூன்று பிஸ்கட்டையும் தின்று முடித்தார். திரையில் படம் தலைகீழாக வந்தது, நிமிர்த்திப் பார்த்தார்.

சிவப்புக் கண்ணாடிக் கூடு. அதைச் சுற்றிக் கம்பிக் கட்டு. அடியில் தகடு, தகட்டில் போல்ட்டுகள், ஒரு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. கூட்டின் மேலே வெள்ளையாக ஒரு வழிசல்.

மச்சான் திரையில் மூக்கு படுகிற மாதிரி குனிந்தார்.

"அண்ணே" என்றாள் தங்கை. "செவ்வாய்க்கு ஒரு போல்ட் கழண்டிருக்கு."

"சும்மா இரு."

"காக்காவும் போயிருக்கு."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். வெல்டர் முகத்தை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மச்சானோ கோபப்படவில்லை. எழுந்து, சுவர் ஓரமாகப் போய், கையை நெற்றியில் வைத்து டவரைப் பார்த்தார். வெறும் கண்ணுக்குச் சிவப்பு மினுக்கலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து வீடியோவை ஓட்டிப் பார்த்தார்: ஆடுகிற, வழிகிற சிவப்புக் குழம்பு. மறுபடி படத்தைப் பார்த்தார்: போல்ட், ஓட்டை, காக்கை எச்சம். இப்படி நாலைந்து தரம் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்ள, இந்த டவர் பல்பை எவனாவது நெட்ல போட்டு வச்சிருப்பானா?"

"போட மாட்டான், மச்சான்."

"காக்கா எச்சத்தோட?"

"எதுக்குப் போடப் போறான்?"

மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டார். "அப்ப அது உண்மையாவே பொறுக்குது" என்றார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல், "அன்னைக்கு நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றார். அதற்கு மேல் மன்னிப்பு அவரிடமிருந்து வராது. அதுவே பெரிய விஷயம்.

உடனே விரலை நீட்டினார். "ஆனா இந்தச் செவ்வாய் விஷயம் இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. மாப்ள, வாக்குக் குடு. பாப்பா, உன்கிட்டயும்தான்."

வெல்டர் வாக்குக் கொடுத்தார். மனைவி தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகுதான் மச்சானுக்குப் பித்துப் பிடித்தது. மறுபடி சனியைத் தேடிப் பிடித்தார். இந்த முறை பொத்தானை எதிர்ப்பக்கமாக அமுக்கப் பழகியிருந்தார். தங்கை நடந்தால், "அதிருது, நில்லு" என்றார். வெல்டர் இருமினால் திரும்பி முறைத்தார். பசிக்கிறது, அடுப்பைப் பற்றவைக்கட்டுமா என்று தங்கை கேட்டபோது, "சனி நெளிஞ்சா நீயா பொறுப்பு?" என்று பாய்ந்தார். எடுத்தார். அடுக்கினார். மங்கலாக, ஆனால் வளையத்தோடு, அவருடைய பெட்டியிலேயே, அவர் கையாலேயே சனி வந்து உட்கார்ந்தது. மனிதர் கொஞ்ச நேரம் மூச்சுவிடாமல் பார்த்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படத்தைத் தீட்டுவதற்கு என்று சாஃப்ட்வேரில் ஒரு தள்ளுகட்டை உண்டு. கத்தியைச் சாணை பிடிப்பது போலத்தான். அளவோடு தள்ளினால் விளிம்பு தெளியும். மச்சான் கொஞ்சம் தள்ளினார். கோடு தெரிந்தது. இன்னும் தள்ளினார். இன்னொரு கோடு தெரிந்தது. அது இல்லாத கோடு.

"போதும் மச்சான்" என்றார் வெல்டர், தாங்க முடியாமல்.

"தொடாதே. உன்னோடதுல ஒரு கோடுதான் இருந்துச்சு. என்னோடதுல பாரு, வரி வரியா வருது." கடைசி வரை தள்ளிவிட்டார். வளையம் வெட்டின வெங்காயம் மாதிரி ஆனது. உருண்டை சொரசொரவென்று பலாப்பழத் தோலாகி, அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டியது. வெல்டருக்கு, நன்றாக வைத்த வெல்டிங் பற்றை எவனோ கிரைண்டர் போட்டுக் குதறியதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. மச்சான் பெருமையில் மிதந்துகொண்டு, சாப்பிடாமலேயே வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் மச்சானே எழுந்து நின்றார். வாக்குச் சுத்தமான மனிதர்தான். "எல்லாரும் கேளுங்க. மாப்ளயோட படம் நிஜம். நானே உட்கார்ந்து எடுத்துப் பார்த்துட்டேன். இது நான் எடுத்தது" என்று கைப்பேசியை நீட்டினார்.

பெயின்டர் வாங்கிப் பார்த்தார். படம் வரைகிறவர், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது எடுத்த படமில்ல, வரைஞ்ச படம். அதுவும் மோசமா வரைஞ்சது. நெளிவு சுளிவு இல்லாம விளிம்புல வெள்ளை அடிச்சிருக்கான் பாருங்க. எந்த ஆப்புல வரைஞ்சீங்க, எலக்ட்ரீஷியன்?"

முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உங்க மாப்ளயோடதாவது பார்க்க நிஜம் மாதிரி இருந்துச்சு" என்றார். "மச்சானும் மாப்பிள்ளையும் வீட்ல உட்கார்ந்து பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. சொந்தக்காரனுக்குச் சொந்தக்காரன் சாட்சி."

"நான் என் கையால எடுத்தேன், முதலாளி."

"சரி. முந்தா நாள் வரைக்கும் பொய்யின்னவரு, எதைப் பார்த்து நம்புனீங்க? அதைச் சொல்லுங்க."

மச்சான் டீ டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். முதலாளி வெல்டர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லேன். எதைப் பார்த்து நம்புனாரு?"

சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒரு போல்ட், ஒரு காக்கை. பட்டறையே நம்பிவிடும், டவுன்லோடு என்கிற பெயர் அங்கேயே செத்துவிடும். வெல்டர் தரையைப் பார்த்தார். கொடுத்த வாக்கு ஒன்று குறுக்கே நின்றது. "அவரையே கேளுங்க" என்றார்.

"ஆளுக்கு ஆள் கையைக் காட்டுறாங்க" என்றார் பெயின்டர். முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். அன்றைக்குக் காலையில் வெல்டர் முடித்திருந்த லாரி ஒன்று வெளியே நின்றது. முதலாளி மேஜையிலிருந்து டார்ச்சை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வெல்டர் பார்க்காததுபோல இருக்க முயன்றார். அவருடைய காது சிவந்துவிட்டது.

மச்சான் அந்தக் காதைப் பார்த்தார்.

"முதலாளி, குனியாதீங்க, நில்லுங்க" என்றார். கைப்பேசியில் எதையோ தேடினார். தேடும்போதே முகம் கடுகடுவென்று ஆனது. பல் பிடுங்கப்போகிறவன் வாயைத் திறப்பது போல, கையை நீட்டினார். "இதைப் பார்த்து."

"என்னது இது?"

"டவர் லைட்டு. மாப்ள தெருக்கோடியில நிக்குதே, நம்ம வாசல்ல இருந்தே தெரியும். முதல்ல இந்த வீடியோவைப் பாருங்க, ஒண்ணுமே தெரியாது. இப்பப் படத்தைப் பாருங்க. போல்ட்டு வரைக்கும் விழுந்திருக்கு. இதை எந்த நெட்டுல இருந்து இறக்க முடியும்?"

முதலாளி பார்த்தார். பெயின்டர் எட்டிப் பார்த்தார். எல்லோரும் பட்டறை வாசலுக்குப் போய் டவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார்கள். முதலாளி டார்ச்சை மேஜையில் வைத்துவிட்டு, லாரிச் சாவியை எடுத்து டிரைவர் பக்கம் எறிந்தார்.

"எல்லாம் சரி எலக்ட்ரீஷியன்" என்றார் பெயின்டர். "சனியை எடுக்கப் போனவரு டவர் லைட்டை எதுக்கு எடுத்தீங்க?"

மச்சான் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் கூரையைப் பார்த்தார்.

"செவ்வாய்னு நினைச்சேன்" என்றார் மச்சான்.

அன்று சாயங்காலத்துக்குள் அவருக்குச் 'செவ்வாய்' என்று பெயர் விழுந்தது. திருகாணி ஒன்று தொலைந்தால், "செவ்வாய்லயே ஒண்ணு குறையுதாம், அங்க தேடாதீங்க" என்றார்கள். அவர் வெல்டரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சொல்லாமல் இருந்ததற்குக் கோபமா, சொல்லவைத்ததற்குக் கோபமா என்று வெல்டருக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். டீ நேரத்தில் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவியின் கைப்பேசி அடித்தது. அவள் பேசினாள், தலையாட்டினாள், கையால் பொத்திக்கொண்டு புருஷனிடம் திரும்பினாள்.

"அண்ணன். உங்ககிட்டப் பேச மாட்டாராம். யாரோ ஒருத்தருக்காகக் கேக்குறாராம், தள்ளுகட்டையை எதுவரைக்கும் தள்ளலாம்னு கேட்டுச் சொல்லணுமாம்."

வெல்டர் சோற்றில் கையை வைத்தபடி யோசித்தார். இதைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆகியிருந்தன.

"தள்ளிக்கிட்டே போறப்ப, அடடா பிரமாதம்னு ஒரு இடத்துல தோணும். அதுக்கும் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடணும், தோணுனப்புறம் நிறுத்தக் கூடாது, அப்படின்னு சொல்லு. அப்புறம், கோடு எத்தனை வருதுன்னு எண்ண வேண்டாம்னு சொல்லு. ஒண்ணு போதும்."

மனைவி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"அண்ணே, கையை எடுக்கச் சொல்றாரு."